கடைசி எழுத்தைப் பிடித்தவள்

1

சென்ற ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது றீற்றா ஒரு துண்டு கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள்.

"மகளுக்கு இண்டைக்குப் பதினெட்டு, மாஸ்ரர். அங்கை அவள் ஒண்டும் வெட்டேல்லையாம். நான் இஞ்சை வெட்டினன்."

"சந்தோசம் பிள்ளை" என்றேன்.

"இனி எனக்குப் போம் நிரப்புற கரைச்சல் உங்களுக்கு இல்லை. பதினெட்டு முடிஞ்சால் எடுக்கேலாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். எவ்வளவு அலைஞ்சனீங்கள் எனக்காக. மாதா உங்களைக் கைவிடமாட்டா."

அவள் பார்த்துக்கொண்டு நின்றதால் கேக்கைத் தின்றேன்.

றீற்றா மன்னார்ப் பெண். கடலுக்குப் போன புருசன் திரும்பி வராத வருடம், ஒரே மகள் அனிற்றாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு இத்தாலிக்கு வந்தவள். இங்கே பாலெர்மோவில் வீட்டு வேலை. பிள்ளை பதினெட்டைத் தாண்டுவதற்குள் தாய் விண்ணப்பித்தால் இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். அழைத்திருக்கலாம். மூன்று வருடங்களுக்கு முன் அவளுடைய பத்திரங்கள் எல்லாம் என் மேசையில் தயாராக இருந்தன. அது கெட்டது என்னால். கேக் தந்த அந்த நிமிடத்திலும் அவளுக்கு அது தெரியாது.

நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகை தபாலில் பாலெர்மோவுக்கும் வருகிறது. கோயில் முற்றத்தில் கை மாறி மாறி, மடிப்புக் கிழியும் வரை வாசிக்கப்படுகிறது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

2

நான் ஊரில் முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் இருந்தவன். பெரும்பகுதி தந்திப் பிரிவில். தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. வருகிறவர்கள் மனதில் இருப்பதை எல்லாம் சொல்வார்கள். நான் அதை ஐந்தாறு சொல்லுக்குள் அடக்குவேன். அதில் எனக்கு ஒரு பெயரும் இருந்தது. எங்கள் பகுதியில் எந்தச் சாவீட்டிலிருந்தும் என்னிடம்தான் வருவார்கள்.

ஒருமுறை ஒரு கிழவி, கொழும்பில் இருந்த மகனுக்குத் தகப்பன் செத்த செய்தி அனுப்ப வந்தாள். "கடைசி நேரத்திலை உன்ரை பேரைத்தான் சொன்னவர் எண்டும் போடு தம்பி" என்றாள். நான் எழுதியது: தகப்பன் காலமானார் உடனே புறப்படவும். "அது காணும் ஆச்சி, மற்றதை வந்தவுடனே வாயாலை சொல்லுங்கோ" என்றேன். காசு மிச்சப்படுத்திக் கொடுத்த பெருமை எனக்கு. ஆச்சி போகும்போது திரும்பித் திரும்பி அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டு போனாள். அது ஏன் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

மகள் என்னை இங்கே எடுப்பித்தபோது எனக்கு அறுபத்தைந்து. குருமடப் பள்ளியில் படித்த லத்தீன் கை கொடுத்தது. ஒரு வருடத்தில் இத்தாலியப் பத்திரிகை வாசித்தேன். அதன்பிறகு எங்கள் ஆட்களின் விண்ணப்பப் போம்களெல்லாம் என் மேசைக்கு வந்தன. பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, பிள்ளையை அழைக்க, பெயர் பிழை திருத்த. விடிய ஐந்து மணிக்குக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் வரிசை. பத்து மணிக்கு யன்னல் திறக்கும். உள்ளே இருப்பவர் 'பிரான்சிஸ் சேவியர்' என்பதில் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று கேட்பார். தகப்பன் பெயரை எங்கே போடுவது என்று எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் நடக்கும். மத்தியானம் ஒரு முத்திரை குறைகிறது என்று திருப்பி அனுப்புவார்கள். நான் இதற்கு ஒரு சதமும் வாங்கியதில்லை. வாங்கியது வேறு. முற்றத்தில் நான் நடந்து வந்தால் கதைத்துக்கொண்டு நிற்பவர்கள் வழி விடுவார்கள். நான் கேட்டதை மறுக்க ஒருவராலும் முடியாது. அதைத்தான் வாங்கினேன்.

3

கால்சாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே நீனோ என்பவரின் கோப்பிக் கடை. நீனோவுக்கு உலகத்தில் இரண்டு விசயம்தான்: ஒன்று கோப்பி, மற்றது இந்த ஊரின் பந்தாட்ட அணி. அணியின் நிறம் இளஞ்சிவப்பும் கறுப்பும். அந்த நாளில் தோற்றுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கடையில் கூடி, வீரர்கள் தோற்றதற்குச் சொன்ன சாட்டுகளைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார்கள். காற்று, சேறு, நடுவர், சூரியன் கண்ணில் பட்டது.

ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டே, அங்கே கிடந்த கடதாசிப் பையில் R, O, S, A என்று மேலிருந்து கீழாக எழுதினேன். ரோசா என்றால் இளஞ்சிவப்பு. ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு சொல் போட்டேன். ரகாத்சி, ஓஜ்ஜி, சென்சா, அலிபி. 'பொடியன்களே, இன்றைக்குச் சாட்டு வேண்டாம்.'

நீனோ வாசித்தார். திரும்ப வாசித்தார். பிறகு கடைக்கு வெளியே போய்ப் பக்கத்துச் சவரக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இதை எழுதியது யார் என்று நினைக்கிறாய்?"

"யார்?"

"இந்தத் துருக்கன்!"

கறுத்தவன் யாராக இருந்தாலும் இந்த ஊரில் துருக்கன்தான். ஐந்து வருடமாக அந்தத் தெருவில் எனக்கு அதுதான் பெயர். அடுத்த ஞாயிறு மைதானத்தில் அந்தச் சொற்களை எழுதிய அட்டை ஒன்று உயர்ந்தது. திங்களன்று நான் பாண் வாங்கப் போனபோது சவரக் கடைக்காரர் வாசலில் வந்து நின்று "வணக்கம் மாயெஸ்த்ரோ" என்றார். ஆசான் என்று அர்த்தம்.

இத்தாலிக்கு வந்த நாளிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் எனக்கு எழுந்து வந்து வணக்கம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதில் எனக்கு வெறி பிடித்தது. வேறு சொல் இல்லை. பஸ்ஸிலும் பூசையிலும் சொற்களைக் கோத்துக்கொண்டிருந்தேன். எழுத்துகள் ஒரு சொல்லாக வரவேண்டும், அந்தச் சொல் எல்லாருக்கும் தெரிந்த சொல்லாக இருக்கவேண்டும், விரித்தால் ஒரு வசனம் வரவேண்டும், வசனத்தில் ஒரு குத்தல் இருக்கவேண்டும், தூரத்திலிருந்து வாசிக்கவேண்டும். பத்து எழுதினால் ஒன்பதைக் கிழித்துப் போடுவேன். பெர்மெசோ போம்களின் பின்பக்கத்தில்கூட எழுதினேன். ஒருமுறை அப்படி ஒன்று தவறுதலாகக் குவெஸ்தூராவுக்குள் போய்விட்டது. யன்னலில் இருந்தவர் வாசித்துச் சிரித்துவிட்டு, அந்த ஒரு தடவை மட்டும் முத்திரை குறைகிறது என்று சொல்லவில்லை.

4

நீனோதான் அடுத்ததைச் சொன்னார். "மாயெஸ்த்ரோ, கமராக்காரனுக்குத் தன் சனலின் பெயரைக் கண்டால் கை நிற்காது. அட்டையில் அது இருந்தால் காட்டியே தீருவான்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பின்னேரம் போடுகிற உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று இருந்தது. அதன் சரியான பெயரை விடுகிறேன். திரையின் மூலையில் ஒரு சூரியன் இருக்கும். அதனால் எல்லாரும் 'சோலே' என்பார்கள். S, O, L, E. மூன்று நாள் எடுத்தது. சியாமோ ஒஸ்தினாத்தி, லோரோ எசௌஸ்தி. 'நாங்கள் பிடிவாதக்காரர், அவர்கள் களைத்தவர்கள்.' அப்போது அணி கொஞ்சம் வெல்லத் தொடங்கியிருந்தது.

இதை ஒரு அட்டையில் எழுதினால் காணாது என்று நினைத்தேன். நாலு பெரிய அட்டை, நாலு பேர், ஆளுக்கு ஒரு எழுத்து. குளிர்பெட்டி வந்த பெட்டிகளை வெட்டி, இளஞ்சிவப்புப் பூசி, கறுப்பில் பெரிய எழுத்து, கீழே அதன் சொல். S எனக்கு. O, L இரண்டும், நான் வாயில் காவல் செய்த கட்டிடத்தில் துப்புரவு செய்த மொரீஷியஸ்காரர் இருவருக்கு. E என் பேத்திக்கு. அவளுக்கு அப்போது பதினாறு.

சனிக்கிழமை மத்தியானம் பேத்தி சொன்னாள்: "அம்மப்பா, நான் வரேல்லை. மி வெர்கோஞ்ஞோ."

"என்ன வெக்கம்? நாலு சொல், நல்ல இத்தாலியன். உங்கடை ரீச்சராலை ஏலுமே இப்பிடி எழுத?"

"அது இல்லை. என்ரை கிளாஸ் ஆக்கள் எல்லாம் அங்கை வருவினம். நாலு கறுப்பர் ஆளுக்கொரு எழுத்தைத் தூக்கிக்கொண்டு நிக்கினம் எண்டு சிரிப்பினம். மாதோன்னா, உங்களுக்கு ஒண்டும் விளங்காது."

அவளைப் பேசினேன். அவள் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு இன்னும் முழுக்கத் திறக்கவில்லை. ஆனால் அது வேறு கதை.

E இல்லாமல் மூன்று எழுத்தை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. றீற்றாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் பொலிதேயாமாப் பக்கத்தில் ஒரு சின்யோராவின் வீட்டில், பாரிசவாதத்தில் கிடந்த அவருடைய தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறும் வேலை.

"நாளைக்கோ மாஸ்ரர்? நாளைக்கு ஏலாதே. சின்யோரா தமையன்ரை பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்குப் போறா. நான்தான் கிழவியோடை நிக்கவேணும்."

"காய்ச்சல் எண்டு சொல்லு. ஒரு நாள்தானே."

அவளுடைய மகளை அழைக்கும் விண்ணப்பம் அப்போது என் மேசையில் இருந்தது. சின்யோராவின் வேலைக் கடிதமும் அதோடு இருந்தது. அந்தக் கிழமை நான் அதைக் கொண்டுபோய்க் குடுக்கவேண்டும். நான் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"சரி மாஸ்ரர். வாறன்" என்றாள்.

அன்று அவள் சந்தோசமாகத்தான் இருந்தாள். அதையும் எழுதவேண்டும். பெல்லெக்ரீனோ மலைக்குக் கீழே மைதானத்தில் வெயில், சனம், கச்சான் கடலை தின்றுகொண்டு அவள் என்னோடு பகிடி விட்டாள். "நல்ல எழுத்தெல்லாம் நீங்கள் எடுத்துப்போட்டு எனக்குச் சீப்பு மாதிரி ஒண்டு." இடைவேளைக்குச் சற்று முன் அட்டைகளை உயர்த்தினோம். சனம் எழுத்துக் கூட்டி வாசித்துக் கத்தியது. கமரா மெதுவாக எங்கள் பக்கம் திரும்புவதை நான் கண்டேன். றீற்றா அதைக் காணவில்லை. அவள் கை சோர்ந்து அட்டை முகத்துக்கு முன்னால் வந்தது.

"உயத்திப் பிடி பிள்ளை, உயத்தி!" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு, முகம் தெரிய, தலைக்கு மேலே உயர்த்தினாள்.

பின்னேரம் நீனோவின் கடையில் பார்த்தேன். நாலு எழுத்து, நாலு முகம். மூன்று விநாடி இருக்கும். கடை முழுக்கக் கை தட்டியது.

5

திங்கட்கிழமை றீற்றாவிடமிருந்து அழைப்பு வந்தது. கதைக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரும்படி சின்யோரா சொன்னாராம். றீற்றாவின் இத்தாலியன் குசினிக்குப் போதுமான இத்தாலியன்.

சின்யோரா எங்களை இருக்கச் சொல்லவில்லை. அவரும் இருக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கே தருகிறேன்:

"நேற்று நான் ஞானஸ்நானத்துக்குப் போகவில்லை. அம்மாவோடு இருந்தேன். பின்னேரம் தொலைக்காட்சியில் இவளைப் பார்த்தேன். உங்களையும் பார்த்தேன். எனக்குக் கோபம்தான். ஆனால் அம்மாவுக்கு இவளைப்போல் ஒருவரும் வாய்க்கமாட்டார்கள், அதுவும் எனக்குத் தெரியும். எனக்கு இவள் வாயால் உண்மை வேண்டும். நேற்று எங்கே இருந்தாள் என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால் அதோடு முடிந்தது. நாளைக்கு வேலைக்கு வரட்டும்."

றீற்றா கையைக் கட்டிக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் சொன்னது இவ்வளவும்தான்: "நேற்று எங்கை இருந்தனீ எண்டு கேக்கிறா."

"நான் என்ன சொல்ல?"

"காய்ச்சல் எண்டே சொல்லு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் உண்மையைச் சொல்லியிருந்தால், பொய் சொல்லச் சொன்னது யார் என்பது அடுத்த கேள்வியாக வந்திருக்கும். அந்த நல்ல வீட்டு விறாந்தையில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, படித்த மனிதனாக நின்ற என்னால் அதற்கு முகங்கொடுத்து நிற்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

றீற்றா கழுத்தில் இருந்த மாதா சுரூபத்தைத் தொட்டாள். தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னாள்: "காய்ச்சல், சின்யோரா. என் மகள்மேல் ஆணை."

சின்யோரா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், நெடுநேரம். நான் மொழிபெயர்த்த விதம் அவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு உள்ளே போய், றீற்றாவின் செருப்பையும் மேலங்கியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார்.

படியில் இறங்கும்போது றீற்றா கேட்டாள்: "ரீவீயிலை காட்டியிருப்பாங்களோ மாஸ்ரர்?"

"இல்லைப் பிள்ளை. நான் பாத்தனான். எங்களைக் காட்டேல்லை."

"அப்ப ஆரோ சொல்லியிருக்கினம்."

நான் படியைப் பார்த்து இறங்கினேன். இரண்டு படி இறங்கியதும் அவள் நின்றாள்.

"ஸ்டெல்லா" என்றாள்.

6

ஸ்டெல்லா யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியைச் சேர்ந்தவள். அதே கட்டிடத்தில் ஒரு மாடி மேலே வேலை செய்தாள். தன் ஒன்றுவிட்ட தங்கைக்கு வேலை தேடிக்கொண்டிருந்தாள். மைதானத்துக்குப் போகும்போது பஸ் தரிப்பில் றீற்றாவைக் கண்டு "எங்கை வெளிக்கிட்டிட்டாய்?" என்று கேட்டுமிருக்கிறாள். இதற்குமேல் என்ன வேண்டும்?

எங்கள் சனத்துக்கு ஒன்று கெட்டுப்போனால், அது எப்படிக் கெட்டது என்ற கேள்வி வருவதில்லை. ஆர் காட்டிக் குடுத்தது என்றுதான் கேட்போம். ஊரில் இராணுவம் சுற்றிவளைத்த நாட்களில், ஆள் காட்டுவதற்காக முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு தலையாட்டுகிறவனுக்கு முன்னால் வரிசையில் நடந்து வந்தவர்கள் நாங்கள். ஒரு தலையாட்டலில் ஆட்கள் காணாமல் போனதைக் கண்டவர்கள். அந்தப் பயம் கடல் கடந்தும் எங்களோடு வந்திருக்கிறது. ஒரு கிழமைக்குள் கோயில் முற்றத்தில் ஸ்டெல்லாவோடு கதைக்க ஆளில்லை. அவள் வந்து நின்றால் வட்டம் கலையும். பாட்டுக் குழுவில் அவளுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருக்கும். என்னிடமும் வந்து கேட்டார்கள்: "என்ன மாஸ்ரர், இவள் செய்த வேலை?" நான் பெருமூச்சு விட்டேன். அதை எல்லாரும் ஓம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உண்மை தெரிந்த ஒரு ஆள் என் வீட்டிலேயே இருந்தது. "அம்மப்பா, உங்களை ரீவீயிலை காட்டினதாம். ஸ்கூலிலை சொன்னவை" என்று பேத்தி அந்தத் திங்கள் வந்து சொன்னாள். கோயிலில் அதைச் சொல்லாதே என்றேன். அவள் கோயிலில் தமிழில் ஒருவரோடும் கதைப்பதில்லை. அவள் எங்களை விட்டு விலகிப் போகிறாள் என்று மற்ற நாட்களில் கவலைப்பட்ட நான், அன்றைக்கு அதற்காக நன்றி சொன்னேன்.

கொஞ்ச நாளில் ஸ்டெல்லா குடும்பத்தோடு நகரின் மறு ஓரத்தில் உள்ள பிரான்காச்சோவுக்குப் போய்விட்டாள். அங்கே இத்தாலியர் கோயிலுக்குப் போகிறாள் என்று கேள்வி.

வேலை போனதும் சின்யோராவின் கடிதம் செல்லாமல் போய், றீற்றாவின் விண்ணப்பம் என் மேசையிலேயே கிடந்தது. இரண்டு வருடம் மணிக்கணக்கில் படி துடைத்தாள். கடிதம் தர ஒருவரும் இல்லை. பிறகு ஒரு வீடு கிடைத்து, கடிதம் கிடைத்து, போம் போனது. முன்பு நகல் காணும்; இப்போது பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி இல்லாமல் ஏற்கமாட்டோம் என்று போமைத் திருப்பிவிட்டார்கள். அது இடப்பெயர்வில் தொலைந்திருந்தது. மன்னாருக்கு எழுதினோம், பதிவுகள் இருந்த கச்சேரிக் கந்தோர் வேறு ஊருக்கு மாறியிருந்தது. நான் உண்மையாகவே அலைந்தேன். ஒரு யன்னலும் விடாமல் அலைந்தேன். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. அதற்குத்தான் எனக்கு நன்றியும் கேக்கும்.

7

வியாழக்கிழமை வீட்டு வேலைக்காரருக்கு அரைநாள் லீவு. றீற்றா அந்த அரைநாளிலும் கால்சாவில் ஒரு வீட்டின் படி துடைக்கிறாள். கேக் தந்த அந்தக் கிழமையே அங்கே போனேன். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டாள். ரீவீயில் காட்டியதைச் சொன்னேன். நான் பார்த்ததைச் சொன்னேன். ஸ்டெல்லா ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன்.

அவள் அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"சின்யோரா அண்டைக்கு என்ன சொன்னவ? சொன்னபடியே சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல்."

சொன்னேன். முதலில் இத்தாலியனில், பிறகு தமிழில், வசனம் வசனமாக.

"உண்மையைச் சொன்னால் அடுத்த நாள் வரச் சொன்னவவோ?"

"ஓம்."

"நான் சொல்லியிருப்பன் மாஸ்ரர்" என்றாள். "எனக்கு அந்தப் பொய் ஒத்து வரேல்லை. நான் சொல்லியிருப்பன்."

வாளித் தண்ணீரைக் கீழே கொண்டுபோய் ஊற்றினாள். கையைத் துடைத்தாள். "ஸ்டெல்லாவின்ரை வீடு தெரியுமோ உங்களுக்கு?"

விலாசம் தெரியும். அவளுடைய போமும் ஒருகாலத்தில் நான் நிரப்பியதுதான். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. றீற்றா முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் மாடி. ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அவளை. ஸ்டெல்லா மெலிந்திருந்தாள்.

"என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"உன்னோடை கதைக்க வந்தனான் ஸ்டெல்லா. நான் பிழை விட்டிட்டன். கேட்டுப்போட்டு அடிக்கிறதெண்டாலும் அடி."

ஸ்டெல்லா கதவை அகலத் திறந்தாள். நானும் ஒரு அடி வைத்தேன். "நீங்கள் நில்லுங்கோ" என்றாள் றீற்றா. கதவு சாத்தப்பட்டது.

படியில் இருந்தேன். முதலில் றீற்றாவின் குரல் மட்டும், தாழ்ந்து, நெடுநேரம். பிறகு ஸ்டெல்லாவின் குரல் வெடித்தது.

"அறுபது பேருக்குச் சமைச்சனானடி! பொடியனின்ரை முதல் நன்மைக்கு! புரியாணி, கட்லெட், எல்லாம் நானே நிண்டு செய்தனான். நாலு பேர் வந்தினம். வெள்ளைச் சட்டையோடை பிள்ளை வாசல்லை நிண்டு, எப்பம்மா ஆக்கள் வருவினம் எண்டு கேட்டவன். நான் என்னத்தைச் சொல்ல? என்னடி சொல்ல?"

பிள்ளையின் முதல் நற்கருணை விருந்துக்கான அந்த அழைப்பு எனக்கும் வந்தது. அன்றைக்கு நான் மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

உள்ளே இரண்டு பேரும் அழுதார்கள். எது யாருடைய அழுகை என்று பிரித்தறிய முடியவில்லை. பிறகு தண்ணீர் ஓடும் சத்தம், கதிரை இழுபடும் சத்தம். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன சொல்வது என்று வசனங்களைக் கோத்துக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

கதவு கொஞ்சம் திறந்தது. றீற்றா எட்டிப் பார்த்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"நீங்கள் போங்கோ மாஸ்ரர். நாங்கள் கதைச்சு முடிய நேரம் செல்லும்."

கீழே இறங்கிப் பஸ் தரிப்பில் நின்றேன். ஒரு பஸ் வந்தது; ஏறவில்லை. அவள் வருவாள் என்று நினைத்தேன். அடுத்ததும் வந்து போனது. மூன்றாவது பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.